கடையின் விண்டோஸ் மென்பொருளும் இணையப் பக்கமும் ஒரே கிளாஸ்களைக் கொண்டு இயங்க முடியுமா?

பாத்திரக்கடை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊரில் அப்பா வாடகைப் பாத்திரக் கடை நடத்துகிறார். கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று எந்த விசேஷமானாலும் அண்டா, நாற்காலி, மேசை, ஷாமியானா ஆகியவற்றை வாடகைக்குக் கொடுக்கிறோம். நான் பி.காம். படித்துவிட்டு ஏழு மாதங்களாக சி ஷார்ப் என்ற நிரல்மொழியைக் கற்று வருகிறேன். கிளாஸ் (ஒரு வகைக்கான வார்ப்பு), ஆப்ஜெக்ட் (அந்த வார்ப்பிலிருந்து உருவாகும் ஒன்று), இன்ஹெரிட்டன்ஸ் (ஒரு கிளாஸிலிருந்து இன்னொன்றைப் பிறப்பிப்பது) எல்லாவற்றையும் வீடியோக்களைப் பார்த்துப் பயிற்சி செய்தேன். விலங்கு என்ற கிளாஸிலிருந்து நாய், பூனை ஆகியவற்றை உருவாக்கி ஒவ்வொன்றையும் கத்த வைக்கும் நிரலை என்னால் இப்போது பார்க்காமலே எழுத முடியும்.

இந்தப் படிப்பை நம்பிக் கடைக்கு விண்டோஸ் ஃபார்ம்ஸில் (விண்டோஸ் கணினிக்குச் சாளரங்களும் பட்டன்களும் செய்யும் கருவி) ஒரு மென்பொருள் எழுதினேன். அது வேலையும் செய்கிறது. ஆனால் மொத்த நிரலும் ஃபார்ம்1 என்ற ஒரே கோப்பில் 1,400 வரிகளாக இருக்கிறது. வாடகைக் கணக்கு, இருப்புக் கணக்கு, பாக்கிக் கணக்கு எல்லாமே ஏதாவது ஒரு பட்டனின் கிளிக் நிகழ்வுக்குள்தான் இருக்கின்றன. இப்போது அப்பா, குறிப்பிட்ட தேதியில் எத்தனை நாற்காலிகள் கிடைக்கும் என்பதை வாடிக்கையாளர்கள் தங்கள் கைபேசியிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறார். ஓர் இணையத் திட்டத்தைத் தொடங்கி என் நிரலை அதில் ஒட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு வரியும் ஏதோ ஒரு டெக்ஸ்ட்பாக்ஸை (திரையில் தட்டச்சு செய்யும் பெட்டி) தேடுகிறது, இணையத்திலோ அந்த டெக்ஸ்ட்பாக்ஸ் இல்லை.

பொருள்நோக்கு நிரலாக்கத்தை, அதாவது கிளாஸ், ஆப்ஜெக்ட் கொண்டு நிரல் எழுதும் முறையை, ஒழுங்காகக் கற்றிருந்தால் இந்தச் சிக்கல் வந்திருக்காது என்று நண்பர் ஒருவர் சொன்னார். நான் எதைக் கற்காமல் விட்டேன்? ஜாவாவுக்கோ பைத்தானுக்கோ மாறிவிடுவது நல்லதா?

பழையநிரலர்

தம்பி, மொழியை மாற்ற வேண்டாம். சி ஷார்ப்பில் எழுதிய ஒரு கிளாஸ் லைப்ரரியை (திரை இல்லாத, கிளாஸ்கள் மட்டும் உள்ள தொகுப்பு) விண்டோஸ் ஃபார்ம்ஸும், இணையப் பக்கங்களுக்கான ஏஎஸ்பி டாட்நெட் கோரும் அப்படியே எடுத்துக்கொள்ளும். உங்கள் தேவைக்கு இதைவிட நேரான வழி இல்லை. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சி ஷார்ப் நிரல்கள் டாட்நெட் என்ற தளத்தின்மேல் இயங்குகின்றன. உங்கள் ஃபார்ம் பழைய டாட்நெட் ஃப்ரேம்வொர்க் 4.8-இலும் இணையத் திட்டம் புதிய டாட்நெட்டிலும் இருந்தால், பொதுவான லைப்ரரியை, இரண்டுக்கும் பொதுவான வரையறையான டாட்நெட் ஸ்டாண்டர்ட் 2.0-க்கு எழுத வேண்டும். அப்போதுதான் அது இரண்டு பக்கமும் ஒட்டும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் ஆப்ஜெக்ட்களைப் பயன்படுத்தாமல் இல்லை. ஃபார்ம்1 ஒரு கிளாஸ், அது ஃபார்ம் என்ற கிளாஸிலிருந்து பிறந்தது. ஒவ்வொரு பட்டனும் ஓர் ஆப்ஜெக்ட். ஆனால் இவை அனைத்தும் பிறர் செய்து கொடுத்தவை, உங்கள் கடைக்கு உரியது அவற்றில் ஒன்றுகூட இல்லை. கணினியை அணைத்துவிட்டாலும் உங்கள் கடையில் என்னென்ன இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சீட்டு இருக்கும், இருப்பு இருக்கும், யார் எதை எடுத்துப் போனார் என்ற கணக்கு இருக்கும். அவற்றைத்தான் நீங்கள் கிளாஸ்களாக எழுதவில்லை.

ஒரு சிறிய விதியை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒரு சீட்டில் 40 நாற்காலிகள் வெளியே போயின, மறுநாள் 38 திரும்பி வந்தன. அதற்கடுத்த நாள் கடைப் பையன் தவறுதலாக 5 என்று பதிந்தால் உங்கள் மென்பொருள் ஏற்றுக்கொள்ளுமா? அதைத் தடுக்கும் சோதனை திருப்பிவாங்கும் பட்டனுக்குள் இருந்தால் அந்தப் பட்டன் இருக்கும் இடத்தில் மட்டும்தான் விதி உயிரோடு இருக்கும். இணையப் பக்கத்தில் வேறொரு பட்டன் வரும்போது அதே விதியை மறுபடி எழுதுவீர்கள், ஆறு மாதத்தில் ஒன்றைத் திருத்திவிட்டு மற்றொன்றை மறந்துவிடுவீர்கள். சீட்டைப் பற்றிய விதி சீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். தமிழிலேயே எழுதிக் காட்டுகிறேன், சி ஷார்ப்புக்கு நீங்கள் மாற்றிக்கொள்ளுங்கள்.

கிளாஸ் வாடகைச்சீட்டு
   வெளியார் தொட முடியாதவை: கொடுத்தது, திரும்பியது
   திரும்பப்பெறு (எண்ணிக்கை)
      எண்ணிக்கை 1-க்குக் குறைந்தால் பிழை எழுப்பு
      திரும்பியது + எண்ணிக்கை, கொடுத்ததை மிஞ்சினால் பிழை எழுப்பு
      திரும்பியது = திரும்பியது + எண்ணிக்கை
   நிலுவை
      கொடுத்தது − திரும்பியது

இதில் டெக்ஸ்ட்பாக்ஸ் இல்லை, மெசேஜ்பாக்ஸ் இல்லை, டேட்டாபேஸும் இல்லை. பிழை வந்தால் சீட்டு அதைச் சொல்லிவிட்டு நின்றுவிடும். அந்தச் செய்தியைச் சிறு சாளரமாகக் காட்டுவதா, இணையப் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் காட்டுவதா என்பதை வெளியே இருப்பவர் பார்த்துக்கொள்வார். திரும்பியது என்ற எண்ணை யாரும் வெளியிலிருந்து மாற்ற முடியாது என்பதால், நிலுவை ஒருநாளும் எதிர்மறையாகப் போகாது என்று நீங்கள் நம்பி இருக்கலாம். என்கேப்சுலேஷன் என்று பாடத்தில் சொல்வது இந்த நம்பிக்கையைத்தான். எல்லா மாறிகளையும் பிரைவேட் (வெளியார் தொட முடியாதது) ஆக்கிவிட்டு ஒவ்வொன்றுக்கும் படிக்க ஒரு கெட், மாற்ற ஒரு செட் எழுதி வைத்தால் அந்த நம்பிக்கை கிடைக்காது.

இந்தப் பிரச்சினை இணையத்தோடு வந்ததும் அன்று. நார்வேயில் ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் உருவாக்கிய சிமுலா 67 மொழியில்தான் கிளாஸ், ஆப்ஜெக்ட் இரண்டும் முதலில் வந்தன. உலகில் நடப்பதைக் கணினிக்குள் நடத்திப் பார்ப்பதே அதன் நோக்கம், திரையும் பட்டனும் அப்போது பேச்சிலேயே இல்லை. பிறகு 1970-களில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் ஸ்மால்டாக் மொழியில் சாளரங்கள் வந்தபோது, அங்கே விருந்தினராகப் பணியாற்றிய டிரிக்வே ரேன்ஸ்காக் என்ற மற்றொரு நார்வேக்காரர், உள்ளிருக்கும் தகவலையும் அதைக் காட்டும் திரையையும் பிரித்து வைக்கும் முறையை 1979-இல் எழுதி வைத்தார். இன்று எம்விசி (மாடல், வியூ, கன்ட்ரோலர்) என்று இணையப் பாடங்களில் படிப்பதற்கு அதுவே மூலம். உங்கள் 1,400 வரிகளில் எம் என்ற எழுத்து, அதாவது உள்ளிருக்கும் தகவலுக்கான மாடல், மட்டும் விடுபட்டிருக்கிறது.

இணையப்பணி

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனாலும் இது பாதி வழிதான். சீட்டு என்ற கிளாஸை அழகாக எழுதிவிட்டு இணையத்துக்கு வருகிறவர்கள் அடுத்து எங்கே விழுகிறார்கள் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன், நானும் விழுந்திருக்கிறேன். அந்த இடம் ஆப்ஜெக்ட்டின் ஆயுள்.

விண்டோஸ் மென்பொருளில் காலையில் கடை திறந்ததும் ஃபார்ம் ஒன்றைத் திறக்கிறீர்கள். அதன் உள்ளே இருக்கும் ஆப்ஜெக்ட்கள் இரவு மூடும்வரை நினைவகத்தில் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்துகிறவரும் ஒருவர்தான். இணையத்தில் அப்படி இல்லை. ஒருவர் பக்கத்தைக் கேட்கிறார், அந்தக் கோரிக்கைக்காக ஆப்ஜெக்ட்கள் பிறக்கின்றன, பதில் போனதும் அவற்றின் வேலை முடிந்துவிடுகிறது. அதே வாடிக்கையாளர் அடுத்த நொடியில் மறுபடி பட்டனை அழுத்தினாலும் அவருக்குப் புதிய ஆப்ஜெக்ட்கள்தான். இடையில் எது நிலைத்திருக்க வேண்டுமோ அது டேட்டாபேஸிலோ, செஷனிலோ (ஒரு பயனருக்காகச் சர்வர் வைத்திருக்கும் தகவல்), குக்கியிலோ (அவரது உலாவியில் வைக்கும் சிறு தகவல்) இருக்க வேண்டும். 2002-இல் வந்த ஏஎஸ்பி டாட்நெட் வெப் ஃபார்ம்ஸ், வியூஸ்டேட் என்ற மறைபுலத்தைக் கொண்டு இந்த வேறுபாட்டை நிரலாளரின் கண்ணுக்குத் தெரியாமல் மூடி வைத்தது. விண்டோஸிலிருந்து வந்தவர்களுக்கு அது வசதியாக இருந்தது, ஆனால் என்னைப் போன்றவர்கள் இணையம் எப்படி இயங்குகிறது என்பதைக் கற்காமலே பல ஆண்டுகள் ஓட்டிவிட்டோம்.

நான் செய்த தவறைச் சொல்கிறேன். முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், விண்டோஸ் மென்பொருளில் செய்த பழக்கத்திலேயே, உள்நுழைந்தவர் யார் என்பதை ஒரு ஸ்டாட்டிக் மாறியில் வைத்தேன். என் கணினியில் நான் ஒருவனாகச் சோதித்தபோது எந்தக் குறையும் தெரியவில்லை. வெளியிட்ட அன்று காலை இரண்டு பேர் உள்நுழைந்தார்கள், இரண்டாமவர் வந்ததும் முதலாமவரின் திரையில் இரண்டாமவரின் பெயரும் கணக்கும் தெரிந்தன. ஸ்டாட்டிக் மாறி ஒரு பயனருக்கு உரியது அன்று, இயங்கும் மொத்த நிரலுக்கும் அது ஒன்றுதான். விண்டோஸில் ஒரு நிரலுக்கு ஒரு பயனர் என்பதால் அந்த வேறுபாடு எனக்கு அதுவரை கண்ணில் படவே இல்லை.

ஏஎஸ்பி டாட்நெட் கோரில் ஒரு ஆப்ஜெக்ட் எவ்வளவு காலம் வாழ வேண்டும் என்பதை நீங்களே சொல்லிவிட வேண்டும். சிங்கிள்டன் என்றால் நிரல் ஓடும்வரை எல்லாருக்கும் ஒன்று. ஸ்கோப்டு என்றால் ஒரு கோரிக்கைக்கு ஒன்று. டிரான்சியன்ட் என்றால் கேட்கும் ஒவ்வொரு முறையும் புதியது. டேட்டாபேஸோடு பேசும் டிபிகான்டெக்ஸ்ட் இயல்பாக ஸ்கோப்டு ஆக வருவதற்குக் காரணம் உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு வேலைகள் அதைப் பயன்படுத்தினால் அது தாங்காது. இந்த மூன்று சொற்களும் புரிந்துவிட்டால் இணைய நிரலாக்கத்தில் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

பாத்திரக்கடை

இருவருக்கும் மிக்க நன்றி. ஐயா சொன்னபடி சீட்டை எழுதத் தொடங்கிவிட்டேன். ஆனால் பொருள்களில் மாட்டிக்கொண்டேன். வாடகைப்பொருள் என்று ஒரு தாய் கிளாஸ் வைத்து, அதிலிருந்து நாற்காலி, அண்டா, ஷாமியானா என்று மூன்று கிளாஸ்களைப் பிறப்பித்தேன். நாற்காலிக்கு நாள் வாடகை, அண்டாவுக்கு விசேஷம் ஒன்றுக்கு இவ்வளவு, ஷாமியானாவுக்குச் சதுர அடிக் கணக்கு. மூன்றிலும் வாடகைகணக்கிடு என்ற மெத்தடை (கிளாஸுக்குள் இருக்கும் செயல்) ஓவர்ரைடு செய்தேன், அதாவது தாய் கிளாஸில் உள்ளதை ஒவ்வொன்றுக்கும் ஏற்ப மாற்றி எழுதினேன். நன்றாகத்தான் இருந்தது. நேற்று அப்பா, சமையல் கான்ட்ராக்டர்களுக்கு மட்டும் அண்டாவையும் நாள் வாடகைக்குத்தான் கொடுப்போம் என்றார். அதற்காக நாள்வாடகைஅண்டா என்று இன்னொரு கிளாஸ் எழுதினேன். இப்போது கடையில் ஒரே அண்டா, நிரலில் இரண்டு கிளாஸ்கள். எங்கோ தவறு என்று தோன்றுகிறது, எங்கே என்று தெரியவில்லை.

பாலிடெக்னிக் ஆசிரியை

உங்களுக்குத் தோன்றியது மிகச் சரி. அந்த உணர்வை விட்டுவிடாதீர்கள். நான் வகுப்பில் இதே பாடத்தை நடத்துகிறவள், ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. நம் பதினொன்றாம் வகுப்புப் பாடநூல் ஆப்ஜெக்டைப் பொருள் என்கிறது. உங்கள் கடையிலோ பொருள் என்றால் அண்டாவும் நாற்காலியும். இந்த இழையில் குழப்பம் வராமல் இருக்க ஆப்ஜெக்ட், கிளாஸ் என்றே எழுதுகிறேன்.

விலங்கு, நாய், பூனை எடுத்துக்காட்டால் வரும் கேடு, இன்ஹெரிட்டன்ஸ் என்பது உலகில் உள்ளவற்றை வகைப்படுத்தும் கருவி என்ற எண்ணத்தை மாணவர் மனத்தில் பதித்துவிடுவதுதான். அண்டா ஒரு வாடகைப்பொருள்தானே, எனவே அது வாடகைப்பொருளிலிருந்து பிறக்கட்டும் என்று நீங்கள் முடிவு செய்தீர்கள். ஆனால் உங்கள் நிரலில் அண்டாவுக்கும் நாற்காலிக்கும் நடத்தையில் என்ன வேறுபாடு? இரண்டுக்கும் பெயர் உண்டு, இருப்பு உண்டு, தொலைந்தால் விலை உண்டு. வேறுபடுவது வாடகை போடும் முறை ஒன்றுதான். அந்த முறையும் பொருளோடு ஒட்டியதன்று, யார் எடுக்கிறார் என்பதையும் பொறுத்தது என்று உங்கள் அப்பாவே சொல்லிவிட்டார்.

ஆகவே மாறுவதைத் தனியே எடுங்கள். வாடகைவிதி என்று ஓர் இன்டர்ஃபேஸ் (என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லும் ஒப்பந்தம்) வையுங்கள். நாள்விதி, விசேஷவிதி, சதுரஅடிவிதி மூன்றும் அதை நிறைவேற்றும் சிறு கிளாஸ்கள். அண்டாவும் நாற்காலியும் கிளாஸ்களாக இருக்கவே வேண்டாம். வாடகைப்பொருள் என்ற ஒரே கிளாஸின் இரண்டு ஆப்ஜெக்ட்களாக, டேட்டாபேஸில் இரண்டு வரிகளாக அவை இருக்கட்டும். சீட்டு போடும்போது எந்த விதி என்பதைத் தேர்ந்து சீட்டிடம் கொடுத்துவிடுங்கள். கான்ட்ராக்டர் வந்தால் அதே அண்டாவுக்கு நாள்விதி. நாளை அப்பா புதிதாக ஒரு வாடகை முறையைச் சொன்னாலும் ஒரு புதிய விதி கிளாஸ் போதும், பழைய எதையும் தொட வேண்டியதில்லை. பாலிமார்ஃபிசத்தின் (ஒரே அழைப்புக்கு ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டும் தன் வழியில் பதில் தருவது) உண்மையான பயன் இங்கே கிடைக்கிறது: சீட்டு தன்னிடம் உள்ள விதியிடம் கணக்கைக் கேட்கிறது, அது எந்த விதி என்று அதற்குத் தெரிய வேண்டிய தேவையே இல்லை.

இதில் அனுபவமுள்ளவர்களும் தவறியிருக்கிறார்கள். ஜாவாவின் முதல் பதிப்பிலிருந்தே இருக்கும் ஸ்டாக் என்ற கிளாஸ், வெக்டர் என்ற கிளாஸிலிருந்து பிறந்தது. ஸ்டாக் என்பது அடுக்கி வைத்த தட்டுகளைப் போன்றது. மேலே வைக்கலாம், மேலிருந்து எடுக்கலாம், அவ்வளவுதான். ஆனால் வெக்டரின் பிள்ளை என்பதால், அடுக்கின் நடுவில் ஒன்றைச் செருகும் மெத்தடும் அதற்கு வந்து சேர்ந்துவிட்டது. ஏற்கெனவே எழுதப்பட்ட நிரல்கள் உடைந்துவிடும் என்பதால் அந்த உறவை இன்றுவரை பிரிக்க முடியவில்லை. தாய்க்குப் பதிலாகப் பிள்ளையை எங்கே வைத்தாலும் தாய் கொடுத்த வாக்கு தவறக் கூடாது என்று பார்பரா லிஸ்காவ் 1987-இல் விளக்கினார். இன்ஹெரிட்டன்ஸ் எழுதுவதற்கு முன் என் மாணவர்களை நான் கேட்கச் சொல்லும் கேள்வி அதுதான்.

ஒரு சிறு குறிப்பும் உண்டு. பணத்துக்கு டபுள் என்ற எண் வகையைப் பயன்படுத்தியிருந்தால் இன்றே டெசிமல் என்ற எண் வகைக்கு மாற்றுங்கள். டபுளில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராது.

எளியவழி

மாற்றுக் கருத்து ஒன்றைப் பதிய விரும்புகிறேன். ஒரு ஊர்க் கடைக்கு இன்டர்ஃபேஸ், விதி கிளாஸ்கள், மூன்று வகை ஆயுள் என்று இவ்வளவு தேவையா? நான்கு டேபிள்கள், பத்துப் பன்னிரண்டு ஃபங்ஷன்கள் இருந்தால் இந்த மொத்த மென்பொருளும் ஓடும். மேலும் அப்பா கேட்டது, குறிப்பிட்ட தேதியில் எத்தனை நாற்காலிகள் கிடைக்கும் என்பதுதான். அதற்கு எல்லாச் சீட்டுகளையும் ஆப்ஜெக்ட்களாக நினைவகத்தில் ஏற்றி ஒவ்வொன்றாகக் கேட்பது வீண். கேட்ட காலத்தின் முடிவுக்கு முன்போ அன்றோ தொடங்கி, கேட்ட காலத்தின் தொடக்கத்துக்குப் பின்போ அன்றோ முடியும் சீட்டுகளில் உள்ள நாற்காலிகளின் எண்ணிக்கையைக் கூட்டி, மொத்த இருப்பில் கழித்தால் விடை வந்துவிடும். அது ஒரே ஓர் எஸ்கியூஎல் (டேட்டாபேஸிடம் கேட்கும் மொழி) வினவல்.

பழையநிரலர்

அந்த வினவலைப் பற்றி நீங்கள் சொன்னது சரி, நானும் அப்படித்தான் எழுதுவேன். படித்துக் காட்டும் வேலைக்கு ஆப்ஜெக்ட் தேவையில்லை, டேட்டாபேஸே அதை நன்றாகச் செய்யும். ஆனால் மாற்றும் வேலைக்கு, அதாவது கொடுப்பது, திரும்பப் பெறுவது, பணம் வரவு வைப்பது ஆகியவற்றுக்கு விதிகள் உண்டு. பத்து ஃபங்ஷன்களில் எதை வேண்டுமானாலும் யார் வேண்டுமானாலும் எந்த வரிசையிலும் அழைக்கலாம் என்றால் விதியை யார் காப்பது? இந்தத் தம்பியின் 1,400 வரிகளும் ஃபங்ஷன்களாகத்தான் தொடங்கியிருக்கும்.

இணையப்பணி

அந்த வினவலோடு மற்றொன்றையும் சேர்த்துக் கற்க வேண்டும். மீதி 50 நாற்காலிகள் இருக்கின்றன. கடையில் அப்பா ஒரு சீட்டைப் போடுகிறார், அதே நேரத்தில் ஒருவர் கைபேசியில் முன்பதிவு செய்கிறார். இருவரின் நிரலும் 50 இருக்கிறது என்று படிக்கும், இருவருக்கும் 50 கொடுத்துவிடும், முகூர்த்த நாளன்று கடை வாசலில் சண்டை வரும். கிளாஸ் எவ்வளவு ஒழுங்காக எழுதப்பட்டிருந்தாலும் இதைத் தடுக்காது, ஏனென்றால் இருவரிடமும் இருப்பவை வெவ்வேறு ஆப்ஜெக்ட்கள். இருப்பு வரியில் ரோவெர்ஷன் (வரி மாறும்போதெல்லாம் தானாக மாறும் பதிப்பு எண்) என்ற ஒரு புலத்தைச் சேருங்கள். முன்பதிவு விழும் ஒவ்வொரு முறையும் அந்த வரியையும் மாற்றி எழுதுங்கள். நான் படித்தபோது இருந்த பதிப்பே இப்போதும் இருந்தால்தான் எழுது என்று, ஆப்ஜெக்ட்களை டேட்டாபேஸில் எழுதும் என்டிட்டி ஃப்ரேம்வொர்க் பார்த்துக்கொள்ளும். இரண்டாவதாக வந்தவருக்குப் பிழை கிடைக்கும், அவருக்கு மறுபடி கணக்கிட்டுக் காட்டலாம்.

பாத்திரக்கடை

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். இப்போது திட்டம் மூன்றாகப் பிரிந்திருக்கிறது: கடை என்ற கிளாஸ் லைப்ரரி, பழைய விண்டோஸ் ஃபார்ம்ஸ், புதிய இணையப் பக்கம். ஃபார்ம்1 கோப்பு 310 வரிகளாகக் குறைந்துவிட்டது. நாள்வாடகைஅண்டாவை அழித்துவிட்டேன். இணையப் பக்கம் இப்போதைக்குத் தேதியைக் கேட்டு மீதியைக் காட்ட மட்டும் செய்கிறது, முன்பதிவை ரோவெர்ஷன் புரிந்த பிறகு சேர்ப்பேன்.

சீட்டுக்கு டெஸ்ட் (நிரல் சரியா என்று சோதிக்கும் சிறு நிரல்) எழுதியபோது நடந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். 40 கொடுத்து 38 திரும்பினால் நிலுவை 2 என்ற டெஸ்ட் தேறியது. அந்த இரண்டும் வரவே இல்லை என்றால் நாள்விதி வாடகையை ஏற்றிக்கொண்டே போகிறது, மூன்று மாதத்தில் நாற்காலியின் விலையைவிட வாடகை அதிகமாகிவிட்டது. அப்பாவிடம் கேட்டேன். தொலைந்துவிட்டது என்று வாடிக்கையாளர் ஒப்புக்கொண்ட நாளோடு வாடகையை நிறுத்திவிட்டுப் பொருளின் விலையை வாங்கிக்கொள்வார்களாம். இருபது வருடப் பழைய நோட்டில் அந்த இடங்களில் எல்லாம் "தொ" என்று ஓர் எழுத்து இருக்கிறது. நான் சிறுவயது முதல் அந்த எழுத்தைப் பார்த்திருக்கிறேன், என்னவென்று கேட்டதே இல்லை. இப்போது சீட்டில் தொலைந்ததாகப்பதி என்று ஒரு மெத்தட் இருக்கிறது, நிலுவை என்பது கொடுத்ததில் திரும்பியதையும் தொலைந்ததையும் கழித்தது.

இன்னும் ஒரு கேள்வி. தொலைந்தது என்று பணம் கட்டியவர் சில சமயம் மாதம் கழித்து அதைக் கண்டுபிடித்துக் கொண்டுவருவார். அப்பா வாடகையைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுப்பார். தொலைந்தது என்ற எண்ணைக் குறைத்துவிட்டுத் திரும்பியது என்ற எண்ணைக் கூட்டினால் போதுமா?

பழையநிரலர்

எண்ணைக் குறைக்காதீர்கள், தம்பி. அப்பாவின் நோட்டில் அந்தச் சமயங்களில் "தொ" அடிக்கப்பட்டிருக்கிறதா, அல்லது கீழே புதிய வரி எழுதப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் புதிய வரிதான் இருக்கும். பணம் வந்ததும் உண்மை, திரும்பிப் போனதும் உண்மை, இரண்டும் பதிவில் இருக்க வேண்டும். சீட்டுக்குள் எண்களை வைப்பதை விட்டுவிட்டு, கொடுத்தது, திரும்பியது, தொலைந்தது, கிடைத்தது என்ற பதிவுகளின் பட்டியலைத் தேதியோடு வையுங்கள். நிலுவையை அந்தப் பட்டியலிலிருந்து கூட்டிச் சொல்லட்டும். வெளியே நிலுவை என்ற பெயர் மாறாததால் ஃபார்மிலும் இணையப் பக்கத்திலும் நிலுவையைக் கேட்கும் இடத்தில் நீங்கள் ஒரு வரியைக்கூடத் திருத்த வேண்டியிருக்காது. செய்து பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள்.